மலையடிவாரத்தில் அமைந்த அழகிய சிற்றூர்

ஏழாம் வகுப்பில் 'எங்கள் ஊர்' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். அண்ணன்மார் வகுப்பிலிருந்து கைமாறி வந்த பழைய உரைநூலைப் பார்த்து நாங்கள் வரி மாறாமல் எழுதினோம். எங்கள் ஊர் மலையடிவாரத்தில் அமைந்த அழகிய சிற்றூர். ஊரின் நடுவே சிற்றாறு ஒன்று சலசலத்து ஓடுகிறது. மக்கள் சாதி மத வேறுபாடின்றி ஒருதாய் மக்களாக வாழ்கிறார்கள். வேப்பூர்ப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை மேட்டுக்காடும் மானாவாரிக் கொல்லையும்தான். மலையைப் பார்க்க வேண்டுமென்றால் சேலம் ரோட்டில் பஸ் ஏறிச் சின்னசேலம் பக்கம் போக வேண்டும். எங்கள் தெருப் பக்கம் ஆறும் கிடையாது. மூன்றாவது வரியைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

ஊர்ப் பிள்ளைகளும் அதையேதான் எழுதினார்கள். காலனிப் பிள்ளைகளான நாங்களும் அதையேதான் எழுதினோம். எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண். எங்களுக்கு நினைவு தெரிந்து அவர்களும் நாங்களும் ஒரே ஊரில் குடியிருந்தது அந்த இரண்டு பக்கத்தில் மட்டும்தான்.

இத்தனை ஆண்டு கழித்து அது ஏன் நினைவுக்கு வந்தது என்றால், எங்கள் இரவுப் பாடசாலையில் படித்த தம்பி ஒருவர் போன மாதம் செல்போனில் ஒரு படம் அனுப்பினார். இப்போது விருத்தாசலத்தில் செராமிக் படிக்கிறார். படத்தில் ஒரு மலை. மலைச்சரிவில் யானை யானையாகக் கருங்கல் பாறைகள். பாறைக்கும் பாறைக்கும் நடுவே ஓட்டு வீடுகள். சில வீட்டுக்குப் பாறையே கூரை, சில வீட்டுக்குப் பாறையே சுவர். கீழே எழுதியிருந்தார்: "அண்ணே, நாம ஏழாவதுல எழுதுன ஊரு கெடச்சிருச்சி. போர்ச்சுகல்ல இருக்கு."

அந்த ஊரின் பெயர் மொன்சாண்டோ. ஸ்பெயின் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. 'ஹவுஸ் ஆஃப் தி டிராகன்' தொடரின் சில காட்சிகளை அங்கேதான் எடுத்தார்கள் என்பதால் இளைஞர்களில் சிலர் ஊரைப் பார்த்தே இருப்பீர்கள், பெயர் தெரியாமல். நாங்களும் விடாமல் தேடிப் படித்தோம். படிக்கப் படிக்க, அந்த ஊரைப் பற்றிய கதை நம்முடைய உரைநூல் கதைதான் என்று தெரிந்தது.

1938இல் போர்ச்சுகல் அரசு ஒரு போட்டி வைத்தது. நாட்டிலேயே மிகவும் போர்த்துகீசியத் தன்மை வாய்ந்த கிராமம் எது என்று கண்டுபிடிக்கும் போட்டி. நடத்தியது பண்பாட்டுத் துறையோ வேளாண்மைத் துறையோ அல்ல. சர்வாதிகாரி சலாசாரின் பிரச்சாரச் செயலகம், அதன் தலைவர் அந்தோனியோ ஃபெர்ரோ. வெளிக்காற்று படாமல் பழமையை யார் கட்டிக் காத்திருக்கிறார்கள் என்று நடுவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பார்த்தார்கள். மொன்சாண்டோ வென்றது. பரிசு ஒரு வெள்ளிச் சேவல். அந்தச் சேவலின் நகல் இன்றைக்கும் ஊர்க் கோபுரத்தின் உச்சியில் நிற்கிறது.

வெளிக்காற்று படாமல் பழமையைக் காப்பது என்றால் என்ன அர்த்தம்? பள்ளிக்கூடம் வராமல் காப்பது, சங்கம் வராமல் காப்பது, கூலி உயர்வு என்ற பேச்சு வராமல் காப்பது. சலாசார் ஆட்சிக்குக் கிராமம் அப்படித்தான் தேவைப்பட்டது. ஏழை, ஆனால் மனநிறைவோடு இருக்கிற, கேள்வி கேட்காத குடியானவன். அந்தக் குடியானவன் என்ன செய்தான் என்பதையும் வரலாறு எழுதி வைத்திருக்கிறது. 1950களின் கடைசியிலிருந்து 1974க்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட போர்த்துகீசியர்கள் நாட்டை விட்டே போனார்கள். மிகப் பலர் கடவுச்சீட்டு இல்லாமல் இரவோடு இரவாக எல்லை தாண்டி ஸ்பெயின் வழியாக பிரான்சுக்குப் போனவர்கள். பாரிசுக்கு வெளியே ஷாம்பிஞி என்ற இடத்தில் சேற்றில் தகரக் கொட்டகை போட்டுக் குடியிருந்தார்கள். ஆப்பிரிக்கக் காலனிகளில் 1961இலிருந்து நடந்த போருக்குப் போக மறுத்து ஓடிய இளைஞர்களும் அதில் உண்டு. வெள்ளிச் சேவல் மேலே நின்றது, மக்கள் கீழே இறங்கிப் போய்விட்டார்கள்.

தம்பிக்கு இதையெல்லாம் சொன்னபோது அவர் கேட்டார், "அப்ப அந்த ஊரு அழகா இல்லியா அண்ணே?" அழகுதான். யார் இல்லை என்றது? அழகு என்று பரிசு கொடுத்தவர் அந்தப் பாறைக்குக் கீழே படுத்துத் தூங்கவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

நம் நாட்டிலும் இதே கதை ஓடியிருக்கிறது. 1830இல் சார்லஸ் மெட்கால்ஃப் என்ற வெள்ளைக்கார அதிகாரி, இந்தியக் கிராமங்கள் தமக்குத் தாமே போதுமான குட்டிக் குடியரசுகள் என்று குறிப்பு எழுதினார். ராஜாக்கள் போனாலும் வந்தாலும் கிராமம் அப்படியே இருக்கும் என்றார். அதைப் பிடித்துக்கொண்டு கிராமத்தைக் கோயிலாக்கியவர்கள் நம் தலைவர்கள். அரசியல் சட்டமே கிராமத்தை அடிப்படையாக வைத்து எழுதப்பட வேண்டும் என்று அரசியல் நிர்ணய சபையில் பேசினார்கள். 4 நவம்பர் 1948 அன்று அண்ணல் அம்பேத்கர் அந்த அவையில் எழுந்து பதில் சொன்னார். மெட்கால்ஃபின் பெயரைச் சொல்லியே சொன்னார். இந்தக் கிராமப் பாசம் எங்கிருந்து வந்தது என்று காட்டிவிட்டு, கிராமம் என்பது குறுகிய புத்தியும் அறியாமையும் வகுப்புவாதமும் தேங்கி நிற்கிற இடம் என்றார். அரசியல் சட்டத்தின் அலகு கிராமம் அல்ல, தனிமனிதர் என்றார். தோழர்கள் அந்த உரையை முழுதாகப் படிக்க வேண்டும். பலர் அதில் ஒரு வரியை மட்டும் போஸ்டரில் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். நாங்களும் அப்படிச் செய்தவர்கள்தான்.

சரி, எங்கள் மலைக்கு வருவோம். எங்களுக்கும் ஒரு மலை உண்டு, பெயரில். விருத்தாசலம் என்றால் பழைய மலை. தமிழில் திருமுதுகுன்றம். பழமலைநாதர் கோயில் ஸ்தலபுராணம் என்ன சொல்கிறது என்றால், பிரம்மா மலைகளைப் படைப்பதற்கு முன்பே சிவன் இங்கே மலையாக நின்றுவிட்டார், ஆகவே உலகத்தின் மலைகளுக்கெல்லாம் மூத்த மலை இதுதான். மலை எங்கே என்று கேட்டால் பூமிக்குள் அழுந்திக் கிடக்கிறது என்பார்கள். மணிமுத்தாறு மட்டும் உண்மையிலேயே மலையிலிருந்து வருகிறது, மேற்கே கல்வராயன் மலையிலிருந்து. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி இந்தக் கோயிலைக் கற்றளியாக்கினார். கண்ணுக்குத் தெரியாத மலைக்குப் பெயர் இருக்கிறது, புராணம் இருக்கிறது, பதிகம் இருக்கிறது. கண்ணெதிரே இருக்கும் எங்கள் தெருவுக்கு எதுவும் கிடையாது. கிழக்கே இருந்தால் கீழக்காலனி, புதிதாகக் கட்டியிருந்தால் புதுக்காலனி.

வரலாற்றில் எங்கள் தெரு இல்லவே இல்லை என்று சொல்லவும் முடியாது. வரியில் இருக்கிறது, அதாவது வரி போடாத நிலத்தின் பட்டியலில். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் கோயிலுக்கு விட்ட ஊர்களின் கணக்கு எழுதும்போது வரியில்லாத நிலங்களை வரிசைப்படுத்துகிறார்கள். ஊர்நத்தம் தனி, கம்மாணச்சேரி தனி, பறைச்சேரி தனி. சுடுகாடு தனி, பறைச்சுடுகாடு தனி. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கணக்கு இது. ராஜராஜனுக்குச் சதய விழா கொண்டாடுகிற எல்லாக் கட்சித் தோழர்களும் ஒருமுறை அந்தப் பட்டியலைப் படித்தால் நல்லது. நில அளவையில் அவ்வளவு நேர்த்தி, செத்தவர்களைப் பிரிப்பதிலும் அதே நேர்த்தி.

இந்த இடத்தில் எங்கள் ஆயாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஆயா ஐப்பசி அடைமழையில் செத்தது. எங்கள் தெருவிலிருந்து சுடுகாட்டுக்கு இரண்டு வழி. ஒன்று ஊர்த் தெரு வழியாகப் போகும் தார் ரோடு. அரசாங்க ரோடு, நம் வரிப்பணம், எல்லாம் சரி. ஆனால் அந்த வழியாக நம் பிணம் போனதில்லை. போகக் கூடாது என்று யாரும் போர்டு எழுதி வைக்கவில்லை, போனதில்லை, அவ்வளவுதான். இன்னொன்று வரப்பு வழி. அதில் ஒரு முக்கால் மைல் அடுத்தவர் கொல்லை. நெல் நட்டிருந்த வயலில் முழங்கால் வரை சேறு. பாடையைத் தூக்கிக்கொண்டு ஆறு பேர் ஒரே வரப்பில் நடக்க முடியாது, ஆகவே இரண்டு பக்கமும் வயலில் இறங்கித்தான் நடக்க வேண்டும். பயிர் மிதிபடுகிறது என்று கொல்லைக்காரர் சத்தம் போட்டார். முன்னால் தூக்கியவருக்குக் கால் வழுக்கி, பாடை ஒருபக்கம் சாய்ந்து, ஆயாவின் கை வெளியே வந்து சேற்றில் பட்டது. பெரியப்பா தன் வேட்டி முனையால் அந்தக் கையைத் துடைத்தார். மழை நிற்காமல் பெய்துகொண்டிருக்கிறது, அவர் துடைத்துக்கொண்டே இருக்கிறார். எங்களில் யாருக்கும் அப்போது பதினைந்து வயது ஆகவில்லை. இயக்கத்துக்கு ஏன் வந்தீர்கள் என்று யாராவது கேட்டால், அம்பேத்கரைப் படித்து வந்தோம் என்று சொல்வது வழக்கம். அது பாதி உண்மை. அவரைப் படித்தது அதற்குப் பிறகு.

எங்கள் தெருவில் பேச்சு வழக்கு ஒன்று உண்டு. பால் வாங்க, ரேஷன் வாங்கப் போகும்போது "ஊருக்குள்ள போயிட்டு வரேன்" என்பார்கள். முந்நூறு அடி தூரம். அப்படியானால் இப்போது நின்றுகொண்டு பேசுகிற இடம் எது? இந்தக் கேள்வி எங்கள் பெரியவர்கள் யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை, எங்களுக்கே வெளியூர் போய்ப் படித்துவிட்டு வந்த பிறகுதான் உறைத்தது. 'ஊர்' என்ற சொல்லுக்குள் நாங்கள் இல்லை. ஊரின் வரலாறு, ஊரின் பண்பு என்று எழுத உட்காரும்போது முதல் சொல்லிலேயே வெளியே நிற்கிறோம்.

வேப்பூரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தது இரண்டு. சென்னை திருச்சி நாற்கரச் சாலையும் விருத்தாசலம் சேலம் சாலையும் வெட்டிக்கொள்கிற கூட்டுரோடு ஒன்று. வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை இன்னொன்று. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் முந்தைய வாரங்களில் விடிவதற்குள் சந்தை நிரம்பிவிடும். வெளிமாவட்ட வியாபாரிகள் லாரியோடு வந்து நிற்பார்கள். எங்கள் பெண்கள் வளர்க்கிற நாலு ஆடும் அங்கேதான் போகும். குறைந்த மழை, மக்காச்சோளம், பருத்தி, அதற்குக் களையெடுப்பு, பஞ்செடுப்பு. அதை விட்டால் கரும்பு வெட்ட, செங்கல் அறுக்க, திருப்பூருக்கு, பெங்களூருக்கு, கேரளாவுக்கு. மொன்சாண்டோக்காரர்கள் பாரிசுக்குப் போனது போலத்தான். போர்த்துகீசியர்கள் ஊரை விட்டு ஓடியதும் அங்கே யாரும் அவர்களைச் சாதி பார்த்துக் குடிவைக்க மறுக்கவில்லை என்பது மட்டும் வித்தியாசம். நம் ஆட்கள் திருப்பூரில் வாடகைக்கு வீடு கேட்டால் "எந்த ஊரு?" என்ற கேள்விக்குப் பிறகு "ஊருல எந்தப் பக்கம்?" என்று இன்னொரு கேள்வி வரும்.

விருத்தாசலம் பக்கம் வேறு ஒரு வேலையும் உண்டு, களிமண் வேலை. நெய்வேலியில் நிலக்கரிக்காக 1956இல் நிறுவனம் வந்த பிறகு, கரிக்கு மேலே கிடக்கும் வெள்ளைக் களிமண் வெளியே வந்தது. அதை நம்பி விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டை எழுந்தது. கார்த்திகைக்கு அகல்விளக்கு, நவராத்திரிக்குக் கொலு பொம்மை, மின்கம்பத்துக்கு இன்சுலேட்டர். தம்பி படிப்பது அந்தத் தொழிலைத்தான். தமிழ்நாடு சிமெண்ட் கழகத்தின் ஸ்டோன்வேர் பைப் ஆலையும் இங்கேதான். சூளை நன்றாகச் சூடேறி இருக்கும்போது உப்பை அள்ளி உள்ளே வீசுவார்கள். உப்பு ஆவியாகிக் குழாயின் மேல் பளபளவென்று பழுப்பு மெருகாகப் படியும், பிறகு அதில் தண்ணீர் ஊறாது. எந்த வேலைக்கு இந்தக் குழாய்? நகரங்களின் பாதாளச் சாக்கடைக்கு. ஒரு தாத்தா எங்களிடம் சொன்னார், "குழா சுட்டதும் நம்ம ஆளுதான், அந்தக் குழா அடைச்சிக்கிட்டா உள்ள எறங்கறதும் நம்ம ஆளுதான்." மலக்குழியில் மனிதரை இறக்குவதைத் தடுக்கிற சட்டம் 2013இல் வந்தது. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது, 2023இல் முப்பது லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்திருக்கிறது. இறங்குவது நிற்கவில்லை.

இப்போது அந்த மூன்றாவது வரி. சாதி மத வேறுபாடின்றி ஒருதாய் மக்களாக.

விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில் 8 ஜூலை 2003 அன்று முருகேசனையும் கண்ணகியையும் விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். முருகேசன் தலித், பொறியியல் படித்தவர். கண்ணகி வன்னியர், அவரும் படித்தவர். அந்த மே மாதம்தான் கடலூரில் பதிவுத் திருமணம் செய்திருந்தார்கள். இதைச் செய்தவர்கள் எங்கிருந்தோ வந்தவர்கள் அல்ல. பார்த்துக்கொண்டு நின்றதும் ஊர், பிறகு வாய் திறக்காமல் இருந்ததும் ஊர். காவல்துறை முதலில் போட்ட வழக்கில் முருகேசனின் வீட்டு ஆட்களையே குற்றவாளிகளாகச் சேர்த்தது. வழக்கு சி.பி.ஐ.க்குப் போயிற்று. வழக்கறிஞர் பொ. இரத்தினம் போன்றவர்கள் விடாமல் நின்றார்கள். 24 செப்டம்பர் 2021 அன்று கடலூர் சிறப்பு நீதிமன்றம் பதின்மூன்று பேருக்குத் தண்டனை கொடுத்தது, அதில் இரண்டு பேர் காவல்துறையினர். ஒருவருக்கு விதித்த தூக்கு உயர் நீதிமன்றத்தில் ஆயுளாகக் குறைந்தது. 28 ஏப்ரல் 2025 அன்று உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. இருபத்திரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. அன்றைக்குப் பிறந்த குழந்தை இன்றைக்குக் கல்லூரி முடித்திருக்கும்.

தீர்ப்பு வந்த மறுநாள், 29 ஏப்ரல் 2025 அன்று, சட்டமன்றத்தில் முதலமைச்சர் ஓர் அறிவிப்புச் செய்தார். 'காலனி' என்ற சொல் தீண்டாமையின் குறியீடாகிவிட்டது, ஆகவே அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று. எங்கள் தெருவில் இரண்டு செய்தியையும் சேர்த்துத்தான் பேசினோம். சொல் போவது நல்லதுதான், நாங்கள் எதிர்க்கவில்லை. காலனி என்றால் அடுத்தவன் வந்து பிடித்து வைத்துக்கொண்ட நாடு. போர்ச்சுகலுக்கு அங்கோலாவும் மொசாம்பிக்கும் கோவாவும் காலனிகளாக இருந்தன. ஒவ்வொன்றாக விடுபட்டன. ஊருக்குக் காலனியாக இருக்கிற எங்கள் தெருவும் விடுபட்டதா, பெயர்ப்பலகை மட்டும் மாறுகிறதா என்பதைச் சுடுகாட்டுப் பாதையில் வைத்துத்தான் பார்க்க முடியும்.

இதில் ஒரு வேடிக்கை. நம் மாவட்டத்துக் கடற்கரையில் பரங்கிப்பேட்டை இருக்கிறது, போர்த்துகீசியர்கள் வந்திறங்கி வியாபாரம் செய்த ஊர். அவர்கள் வழியாகத் தமிழுக்குச் சன்னல் வந்தது, சாவி வந்தது, அலமாரி வந்தது. இந்த நாட்டைப் பார்த்துவிட்டு அவர்கள் பயன்படுத்திய 'காஸ்டா' என்ற சொல்லிலிருந்துதான் ஆங்கிலத்தின் 'காஸ்ட்' வந்தது. சாதி அவர்களுக்கு முன்பே இருந்தது, பெயர்தான் அவர்கள் கொடுத்தது. எங்கள் தெருவின் பழைய கூரை வீடுகளில் சன்னல் இருந்ததில்லை. பூட்டி வைக்க ஒன்றும் இல்லாததால் சாவியும் இருந்ததில்லை. அந்தச் சொல் மட்டும் வாசலோடு நிற்காமல் வீட்டுக்குள் வந்திருக்கிறது.

தம்பியின் படத்துக்குப் பிறகு நாங்கள் ஒரு வேலையைத் தொடங்கியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேர், ஒரு நீளவாட்டு நோட்டு, இரண்டு பேனா. பெரியவர்கள் இருக்கும் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து கேட்டு எழுதுகிறோம். ஊர் வரலாறு என்றால் கோயில், ஏரி, ஜமீன், தலைவர் என்று கேட்கிற வழக்கத்தை விட்டுவிட்டோம். எங்கள் கேள்விகள் வேறு. முதல் முதலில் எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தீர்கள், யார் ஊற்றினார்கள்? தெருவில் முதலில் செருப்புப் போட்டவர் யார், எதுவரை போட்டுக்கொண்டு போனார்? டீக்கடையில் தனிக் குவளை எந்த வருஷம் வரை? பறையடிக்க மாட்டோம் என்று முதலில் சொன்னது யார், அதற்கு என்ன நடந்தது? 1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் தொடங்கிய நந்தனார் பள்ளியில் நம் பக்கத்திலிருந்து யாராவது படித்தார்களா? காட்டுமன்னார்கோயில் இளையபெருமாளை நேரில் பார்த்தவர் உண்டா? 2001இல் பழைய மங்களூர்த் தொகுதியில் திருமாவளவன் நின்று வென்றபோது உங்கள் தெருவில் ஓட்டுப் போடப் போனவர்கள் எந்த வழியாகப் போனார்கள்?

கடைசிக் கேள்விக்கு எல்லா வீட்டிலும் ஆளுக்கொரு கதை இருக்கிறது. ஒரு சித்தி சொன்னதை எழுதி முடிக்க மூன்று பக்கம் ஆயிற்று.

காகிதத்தையும் கேட்கிறோம். ஒரு வீட்டில் தகரப் பெட்டிக்கு அடியில் மடித்து வைத்த பட்டா ஒன்று கிடைத்தது. கண்டிஷன் நிலம். 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீர் நம் மக்களின் நிலைமையை அறிக்கையாக எழுதி, 1892இல் அரசாணை 1010 வந்து, தாழ்த்தப்பட்டோருக்கென்று ஒதுக்கத் தொடங்கிய நிலத்தின் வகை அது. வேறு சாதியாருக்கு விற்க முடியாத நிலம். இன்றைக்கு அதில் வேறு யாரோ மக்காச்சோளம் போட்டிருக்கிறார்கள். 1980களில் யுடிஆர் என்று நிலப் பதிவுகளைப் புதுப்பித்தபோது கண்டிஷன் என்ற குறிப்பே விடுபட்டுப்போன ஊர்கள் உண்டு. ஆகவே தோழர்கள் இப்போதுள்ள 'அ' பதிவேட்டை மட்டும் பார்த்துவிட்டு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டை வாங்கி, சர்வே எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். எழுதிக் கேட்கும்போது பழைய எண், புதிய எண் இரண்டையும் குறிப்பிட வேண்டும், இல்லையென்றால் ஒரு வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எங்களுக்கு இரண்டு முறை திரும்பியது.

இந்த வட்டாரத்துக்குக் கதை எழுதியவர்கள் இல்லாமல் இல்லை. இமையம் 1994இல் 'கோவேறு கழுதைகள்' நாவலில் காலனிக்கும் துணி வெளுக்கிற புதிரை வண்ணார்ப் பெண்ணை எழுதினார். அந்த நாவல் வந்தபோது நம்மவர்களிலேயே சிலருக்குக் கோபம். நமக்குக் கீழேயும் ஒருவரை நாம் வைத்திருக்கிறோம் என்று அது காட்டியது. எங்கள் நோட்டிலும் அந்த வீட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். அங்கே போய் உட்கார்ந்தபோது அந்த வீட்டு அம்மா எங்களுக்கு நாற்காலி போட்டுவிட்டுத் தான் தரையில் உட்காரப் போனார். நாங்களும் தரையில் உட்கார்ந்தோம். அவர் பேச ஆரம்பிக்க ரொம்ப நேரம் ஆயிற்று.

போன வாரம் இரவுப் பாடசாலையில் ஏழாவது படிக்கிற பாப்பா ஒன்று வந்து நின்றது. "எங்கள் ஊர்னு கட்டுரை எழுதச் சொல்லியிருக்காங்க. நான் எந்த ஊர எழுதறது?" கையில் வைத்திருந்த உரைநூலை வாங்கிப் பார்த்தோம். புத்தகம் புதுசு, அட்டை வேறு, உள்ளே மலையடிவாரம் அப்படியே இருந்தது. அதை மூடி வைத்துவிட்டு, "உங்க ஆயாகிட்டப் போயி கேட்டு எழுது" என்றோம்.

மறுநாள் எழுதிக்கொண்டு வந்தது. ஒன்றரைப் பக்கம். எங்கள் தெருவில் நாற்பத்தொரு வீடு இருக்கிறது. கைபம்பு ஒன்று இருக்கிறது, கோடையில் வராது. வெள்ளிக்கிழமை எங்கள் ஆடு சந்தைக்குப் போகும், போகும்போது நான் பார்க்க மாட்டேன். மழைக்காலத்தில் யாரும் சாகக் கூடாது என்று எங்கள் ஆயா சொல்லும்.

பத்துக்கு ஆறு மதிப்பெண் வந்தது. எழுத்துப் பிழை, தலைப்பை ஒட்டி எழுதவில்லை என்று சிவப்பு மையில் குறிப்பு. அந்தத் தாளை ஒரு பிரதி எடுத்து நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். வருகிற ஞாயிறு ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற தெருவுக்குப் போகிறோம். வருகிறவர்கள் காலை ஏழு மணிக்குக் கூட்டுரோட்டில் இருங்கள், வெயில் ஏறினால் பெரியவர்கள் கொல்லைக்குப் போய்விடுவார்கள்.